இலக்கு மருந்துகள் வாயில் செய்வது

புற்றுநோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர்களின் வாயைப் பரிசோதிப்பது என் அன்றாட வேலை. பல் மருத்துவம் படித்து, வாய்நோய்களில் மேற்படிப்பு முடித்தவள் நான். புற்றுநோய் மருத்துவர்கள் என்னிடம் அனுப்பிவைக்கும் இந்த நோயாளிகள் அறைக்குள் நுழையும்போது பெரும்பாலும் தலைமுடி உதிராமல், தள்ளாடாமல், பார்வைக்கு நலமாகவே தெரிவார்கள். "கீமோ மாதிரி இல்லை, வீட்டிலிருந்தே மாத்திரை போட்டுக்கொள்ளலாம், பக்கவிளைவு குறைவு" என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும். அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அதைக் கேட்டு நிம்மதியோடு வீடு திரும்பியவர், இரண்டாவது வாரத்தில் ஒரு கவளம் உணவை வாயில் வைக்கக்கூட முடியாமல் தவிக்கும்போது, இந்த வேதனைக்கும் அந்த மாத்திரைக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கவே தயங்குகிறார். உயிரைக் காக்க வந்த மருந்தை, போயும் போயும் ஒரு வாய்ப்புண்ணுக்காகக் குறை சொல்வதா என்ற தயக்கம் அது. அந்தத் தயக்கத்தால் நேரும் இழப்பை அருகிலிருந்து பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைப் பாகுபாடின்றித் தாக்கும். வாயின் உட்தோல் ஒன்றிரண்டு வாரங்களில் தன்னை முழுவதும் புதுப்பித்துக்கொள்வது என்பதால் அந்தத் தாக்குதலில் அதுவும் சிக்கி, வாய் முழுவதும் வெந்து உரிந்ததுபோல் ஆகிவிடும். இலக்கு மருந்தின் வழி வேறு. புற்றுநோய்ச் செல் வளர்வதற்கு நம்பியிருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தையோ சமிக்ஞையையோ தேடிப்பிடித்து முடக்குவது அது. மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 புரதத்தை முடக்கும் டிராஸ்டுசுமாப் 1998இலும், நாள்பட்ட ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் 2001இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அதன் பிறகு இவ்வகை மருந்துகள் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் அந்தச் சமிக்ஞைகள் புற்றுநோய்க்கு மட்டும் சொந்தமானவை அல்ல. உட்தோல் ஆறுவதற்கும், அதற்கு அடியிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுதுபார்க்கப்படுவதற்கும், சுவை மொட்டுகள் மறுபடி முளைப்பதற்கும் உடல் அவற்றையேதான் பயன்படுத்துகிறது. ஆகவே எந்தச் சமிக்ஞை முடக்கப்படுகிறதோ, அதைப் பொறுத்து வாயில் ஏற்படும் பாதிப்பும் மாறுகிறது. என்னிடம் வருபவரை வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்வது இதனால்தான். மருந்தின் பெயர் தெரியாமல் வாய்ப்புண்ணுக்கு மருந்து எழுதுவதை நான் ஏற்பதில்லை.

எவரோலிமஸ் என்ற மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வாயை இதைவிடத் தெளிவாகத் தாக்கும் இலக்கு மருந்து அரிது. எம்-டார் என்னும் புரதத்தை முடக்கும் இந்த மருந்து சிலவகை மார்பகப் புற்றுநோய்களுக்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் நாளமில்லாச் சுரப்பிகளோடு தொடர்புடைய சில கட்டிகளுக்கும் தரப்படுகிறது. மாத்திரை தொடங்கி முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே பலருக்குப் புண் வந்துவிடும். கீழுதட்டை இரண்டு விரல்களால் பிடித்து வெளிப்புறமாக மடக்கி வெளிச்சத்தில் பார்த்தால், சுற்றியுள்ள தோல் முழுவதும் இளஞ்சிவப்பாக நலமாக இருக்க, நடுவில் மட்டும் சில மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு குழி தெரியும். குழியில் சாம்பல் கலந்த வெண்ணிறப் படலம், அதைச் சுற்றி ஒரு மெல்லிய சிவப்பு வளையம். எல்லை அவ்வளவு துல்லியமாக இருக்கும். அந்தச் சின்னஞ்சிறு புண்ணில் பஞ்சு நுனி பட்டவுடன் திடமான மனிதர்களுக்குக்கூடக் கண்ணீர் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் பக்கவாட்டும் அடிப்பகுதியும், தொண்டையை ஒட்டிய மென்மையான அண்ணம் ஆகியவைதான் இந்தப் புண் தேர்ந்தெடுக்கும் இடங்கள். பல்லைப் பிடித்திருக்கும் கெட்டியான ஈற்றிலோ கடினமான மேலண்ணத்திலோ புண் இருந்தால், அது மருந்தால் வந்ததல்லாமல் ஹெர்பிஸ் போன்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம் என்று சந்தேகித்து அதற்கான சோதனையைச் செய்ய வேண்டும்.

இந்தப் புண்ணைப் பற்றி எழுதும்போது எனக்கு உற்சாகம் வருவதற்குக் காரணம் உண்டு: இதைப் பெருமளவு தடுக்க முடியும். 2017இல் வெளியான ஸ்விஷ் என்ற ஆய்வில், எவரோலிமஸ் தொடங்கிய நாளிலிருந்தே நோயாளிகளான பெண்கள் டெக்சாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த, ஆல்கஹால் இல்லாத திரவத்தால் வாய் கொப்பளித்தார்கள். 5 மில்லிலிட்டரில் 0.5 மில்லிகிராம் என்ற அடர்த்தியில் 10 மில்லிலிட்டரை வாயில் ஊற்றி, 2 நிமிடம் எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றிவிட்டுத் துப்ப வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. நாளுக்கு 4 முறை, 8 வாரங்கள். அந்த 8 வாரங்களில் மிதமான அல்லது அதைவிடக் கடுமையான வாய்ப்புண் வந்தவர்கள் 2 சதவீதம் மட்டுமே. இப்படிக் கொப்பளிக்காமல் அதே மருந்தை எடுத்துக்கொண்ட முந்தைய பெரிய ஆய்வில் அந்த அளவு 33 சதவீதமாக இருந்தது. ஒரே ஆய்வுக்குள் இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிடப்பட்டதல்ல இது, பழைய ஆய்வோடு வைத்துப் பார்க்கப்பட்டது என்ற குறை உண்டு. ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அந்தக் குறையைக் காட்டி ஒதுக்கிவிட முடியாது என்பது என் கருத்து. மருந்து எழுதப்படும் அன்றே இந்தத் திரவமும் எழுதப்பட வேண்டும். புண் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதில் யாருக்கும் எந்த லாபமும் இல்லை.

இரண்டு நிமிடம் என்பது சொல்வதற்குச் சிறியது, வாயில் திரவத்தை வைத்துக்கொண்டிருப்பவருக்கு மிக நீளமானது. பெரும்பாலோர் அரை நிமிடத்தில் துப்பிவிடுகிறார்கள். அதனால் முதல் முறை என் முன்னாலேயே கடிகாரத்தைப் பார்த்துச் செய்யச் சொல்கிறேன். நாக்கை மேலே தூக்கி அதன் அடிப்பகுதியிலும், உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவிலும் திரவம் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கிறேன்.

ஸ்டீராய்டு திரவத்தைத் தொடர்ந்து பயன்படுத்தும்போது சிலருக்கு வாயில் பூஞ்சைத் தொற்று வரும். துடைத்தால் உரிந்து வரும் வெள்ளைப் படலமாக அது தெரியும். அக்கம்பக்கத்து மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்தால் வழக்கம்போல ஃப்ளூகோனசோல் மாத்திரையை எழுதுவார். வேறு யாருக்காக இருந்தாலும் அது சரியான மருந்துதான். ஆனால் எவரோலிமஸைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை ஃப்ளூகோனசோல் தடுத்துவிடும். அதனால் ரத்தத்தில் எவரோலிமஸின் அளவு ஏறும்; ஏறினால் வாய்ப்புண் இன்னும் மோசமாகும்; புண்ணைக் கண்டு பயந்து மீண்டும் அதே மருத்துவரிடம் ஓடினால் சுற்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். க்ளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் இதே காரியத்தைச் செய்யும். உடலுக்குள் உறிஞ்சப்படாமல் வாயிலேயே வேலை செய்யும் நிஸ்டாடின் திரவத்தில் இந்தச் சிக்கல் இல்லை. புற்றுநோய் மாத்திரை எடுத்துக்கொள்பவர், சளிக் காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்க்கப் போனாலும் அந்த அட்டையைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இப்படிப்பட்ட சுற்றுகளைக் கண்டதால்தான்.

வாயில் பனிக்கட்டி வைத்துக்கொண்டால் புண் வராதாமே என்று பலர் கேட்கிறார்கள். சிலவகைக் கீமோ மருந்துகள் நரம்பு வழியாக விரைவாக ஏற்றப்பட்டு, விரைவாகவே ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். அந்தச் சிறிது நேரம் பனிக்கட்டியால் வாயின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருந்தால் மருந்து வாயை அதிகம் எட்டாது. நாள்தோறும் விழுங்கும் மாத்திரைக்கு இந்த உபாயம் பலிக்காது; எவரோலிமஸ் பாதியளவு குறைவதற்கே ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும், அதற்குள் அடுத்த மாத்திரை வந்துவிடும். எரிச்சல் தணிவதற்காகப் பனிக்கட்டியைச் சுவைத்தால் அதில் தவறில்லை, ஆனால் அது தடுப்பு மருந்தாகாது.

இனி எனக்கு மிகவும் கவலை தருகிற இன்னொரு வகைக்கு வருகிறேன். சுனிடினிப், சொராஃபெனிப், பசோபனிப், கபோசான்டினிப், லென்வாடினிப் போன்ற மாத்திரைகள் கட்டிக்குப் புதிய ரத்தக்குழாய்கள் உருவாகாமல் தடுப்பவை. இவற்றை எடுத்துக்கொள்பவர்களின் வாயைத் திறந்து பார்த்தால் பல சமயங்களில் எதுவுமே தெரியாது. புண் இல்லை, சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. ஆனால் வாய் எரியும். சிறுநீரகப் புற்றுநோய்க்கு சுனிடினிப் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் முன்னால் அமர்ந்து, "வாயில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள் டாக்டர், எனக்குத் தண்ணீர் குடித்தால்கூட எரிகிறது, பற்பசை பட்டால் நெருப்பை வைத்த மாதிரி இருக்கிறது, நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனா?" என்று கேட்டார். அவருடைய மனைவி ஒரு நாட்காட்டியைக் கொண்டுவந்திருந்தார். நான்கு வாரம் மாத்திரை, இரண்டு வாரம் ஓய்வு என்ற முறையில் அவருக்கு மருந்து தரப்பட்டது. அவர் எந்தெந்த நாளில் பல் துலக்கவில்லை, எந்தெந்த நாளில் கஞ்சிபோல் கரைத்த உணவோடு நிறுத்திக்கொண்டார் என்பதை அந்த அம்மா பேனாவால் குறித்திருந்தார். மாத்திரையின் மூன்றாம், நான்காம் வாரக் கட்டங்களில் குறிகள் நெருக்கமாக இருந்தன. ஓய்வு வாரங்களில் மெல்ல மெல்லக் குறைந்து மறைந்தன. அடுத்த சுற்றிலும் அப்படியே. வாய்க்குள் தெரியாத நோய் அந்தத் தாளில் தெளிவாகத் தெரிந்தது. "இது கற்பனை இல்லை ஐயா, மருந்தின் வேலைதான்" என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்த ஆறுதலுக்குப் பிறகுதான் சிகிச்சையைப் பற்றியே பேச முடிந்தது. புதினா வாசமும் நுரைக்கும் ரசாயனமும் இல்லாத பற்பசை, மிக மென்மையான தூரிகை, உணவுக்குச் சற்று முன்பு தடவிக்கொள்ளும் மரத்துப்போகச் செய்யும் களிம்பு என்று எளிய மாற்றங்கள்தான் செய்தோம். அவற்றால் எரிச்சல் முழுவதும் போகவில்லை, ஆனால் பல் துலக்குவது திரும்பியது.

வாய்ப்புண்ணின் கடுமையை மருத்துவர்கள் படிநிலைகளாக அளக்கிறார்கள். லேசான அறிகுறி முதல் படி. வலி மிதமாக இருந்து உணவை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தால் இரண்டாம் படி. கடும் வலியால் உண்பதே தடைப்பட்டால் மூன்றாம் படி. இந்த அளவுகோலில் இலக்கு மருந்துகளின் பாதிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு படிகளுக்குள் அடங்கிவிடுகிறது. அதனால்தான் ஆய்வு முடிவுகளின் அட்டவணையில் அது பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் இந்த அளவுகோல் ஆழத்தை அளக்கிறதே தவிர நீளத்தை அளப்பதில்லை. கீமோவால் வரும் இரண்டாம் படிப் புண் சில நாட்கள் வாட்டிவிட்டு, அடுத்த தவணைக்குள் ஆறிவிடும் என்று தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம். தினமும் மாத்திரை விழுங்குபவருக்கு அதே இரண்டாம் படி, மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், ஒவ்வொரு வேளை உணவின்போதும் கூடவே இருக்கும். இதையும் லேசான பக்கவிளைவு என்று பதிவுசெய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

செல்லுக்கு வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கித் தரும் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பிப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகளில் எர்லோடினிப், ஜெஃபிடினிப் முதலியவை வாயை ஓரளவுக்கே சோதிக்கும். அஃபாடினிப் அப்படியல்ல, அதை எடுத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் அளவில் வாய்ப்புண் வருகிறது. உதட்டோரம் இரண்டு பக்கமும் வெடித்துப்போவதும் இவர்களிடம் சாதாரணம். அந்த வெடிப்பில் கிருமி சேர்ந்துகொள்வதால் வெறும் வாசலின் போதாமல் போகலாம், காட்டிவிடுவது நல்லது.

சுவை போவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் மனிதர்களை அது உள்ளுக்குள் உடைக்கிறது. சுவை மொட்டுகளின் செல்கள் சில நாட்களே வாழ்பவை. அவற்றின் இடத்தில் புதியவை உருவாக ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞை தேவை. ஒருவகைத் தோல் புற்றுநோய்க்குத் தரப்படும் விஸ்மோடெஜிப் அந்தச் சமிக்ஞையையே முடக்குகிறது. எடுத்துக்கொள்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சுவை மாறிப்போகிறது, சிலருக்கு அறவே இல்லாமல் போகிறது. மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு 2023இல் அனுமதி பெற்ற டால்கெட்டமாப் ஊசியிலும் பெரும்பாலோர் சுவை மாற்றத்தையோ இழப்பையோ, பலர் வாய் வறட்சியையும் சந்திக்கிறார்கள். சுவை இல்லையென்றால் பசி இல்லை, பசி இல்லையென்றால் எடை குறைகிறது, எடை குறைந்தால் மருந்தைத் தாங்கும் தெம்பு குறைகிறது. விஸ்மோடெஜிப்பை நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்குச் சுவை வாரங்களிலோ மாதங்களிலோ மெல்லத் திரும்புகிறது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நோயாளியும் குடும்பமும் பொறுத்துக்கொள்கிறார்கள். சொல்லாமல் விட்டால், ஆசையாகச் சமைத்துப் போட்டதைத் தள்ளிவைக்கிறாரே என்ற மனவருத்தம் வீட்டில் வளர்கிறது. உண்ண முடியாதவரை வற்புறுத்தும் அன்பு, அவருக்கு நோயைவிடப் பெரிய பாரமாகிவிடும்.

நிறமாற்றங்கள் பயமுறுத்தினாலும் பொதுவாகத் தீங்கற்றவை. இமாடினிப்பைப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்ட சிலரின் மேலண்ணம் நீலமும் சாம்பலும் கலந்த நிறத்துக்கு மாறும். அதற்குச் சிகிச்சை தேவையில்லை. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கான வெமுராஃபெனிப், டாப்ராஃபெனிப் ஆகியவற்றால் கன்னத்தின் உட்புறத்திலும் ஈற்றிலும் தடித்த வெண்திட்டுகள் வரலாம், அவற்றை மட்டும் அசட்டையாக விடாமல் அவ்வப்போது பார்த்து, சந்தேகம் எழுந்தால் சிறு துண்டெடுத்துச் சோதிக்க வேண்டும்.

தாடை எலும்பு விஷயத்தில் என் குரல் சற்று உயரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்குத் தரப்படும் டெனோசுமாப், சோலெட்ரோனிக் அமிலம் ஆகிய ஊசிகளால் சிலருக்குத் தாடை எலும்பின் ஒரு பகுதி உயிரிழந்து, ஈற்றைத் துளைத்துக்கொண்டு வாய்க்குள் வெளிப்படுகிறது. இது முதன்முதலில் மருத்துவ இதழ்களில் கவனத்துக்கு வந்தது 2003இல். சுனிடினிப், பெவாசிசுமாப் போன்ற ரத்தக்குழாய்த் தடுப்பு மருந்துகளும் இதற்குக் காரணமாகலாம். அந்த ஊசிகளோடு இவையும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. தாடைக்குக் கதிர்வீச்சு பெறாத ஒருவருக்கு எலும்பு வெளியே தெரிந்து 8 வாரங்களுக்கு மேல் மூடாமல் இருந்தால் இந்த நோய் என்று முடிவுசெய்கிறோம். பெரும்பாலும் ஒரு பல்லைப் பிடுங்கிய இடத்தில்தான் தொடங்குகிறது. அதாவது, சொத்தைப் பல்லையும் ஆடும் பல்லையும் சீழ் பிடித்த வேரையும் மருந்து தொடங்குவதற்கு முன்பே கவனித்து, காயம் ஆறுவதற்கு அவகாசம் கொடுத்திருந்தால் பலருக்கு இது வராமலே போயிருக்கும். புற்றுநோய் என்று தெரிந்தவுடன் குடும்பம் முழுவதும் பதறி நிற்கும் அந்த நாட்களில் பல்லைப் பற்றி யார் நினைப்பார்கள் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆகவே நினைக்க வேண்டிய பொறுப்பு மருத்துவர்களாகிய எங்களுடையது. மருந்து தொடங்கிய பின் பல் வலித்தால், பிடுங்கிவிடுவதைக் காட்டிலும் வேர் சிகிச்சை செய்து பல்லை வைத்துக்கொள்வதே பெரும்பாலும் பாதுகாப்பானது. எதுவானாலும் புற்றுநோய் மருத்துவரிடம் பேசாமல் எந்தப் பல் மருத்துவரும் கையை வைக்கக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. வெதுவெதுப்பான நீரில் உப்பும் சமையல் சோடாவும் சிறிதளவு கலந்து ஒரு நாளில் பலமுறை கொப்பளிப்பது வாயைச் சுத்தமாகவும் ஈரமாகவும் வைத்திருக்கும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம். எரிந்தால்தான் கிருமி சாகும் என்ற நம்பிக்கையோடு இவற்றை ஊற்றிக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காரமும் புளிப்பும் கொதிசூடும் மொறுமொறுப்பும் புண் ஆறும்வரை தள்ளியிருக்கட்டும். சில மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் கிரேப்ஃப்ரூட் பழத்தைத் தவிர்க்கச் சொல்கிறோம். பல் செட் அணிபவர்கள் இரவில் கழற்றிவைத்து, உரசும் விளிம்பு இருந்தால் சரிசெய்துகொள்ள வேண்டும். நீர்கூட இறங்காத நிலை, காய்ச்சல், நிற்காத ரத்தக்கசிவு ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் நான் மிகவும் அஞ்சுவது, யாரிடமும் சொல்லாமல் விடப்படும் மாத்திரைகளைத்தான். வலி தாங்காமல் இரண்டு நாள் விட்டுப் பார்க்கிறார்கள், வாய் ஆறுகிறது, மறுபடி தொடங்குகிறார்கள், மறுபடி புண். பிறகு வாரத்தில் சில நாட்கள் மட்டும் என்று அவர்களாகவே ஒரு கணக்குக்கு வந்துவிடுகிறார்கள். மருத்துவர் திட்டுவார் என்று அதை மறைக்கிறார்கள். அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தால், முழு அளவு மருந்து கொடுத்தும் பலனில்லை என்று மருத்துவர் எண்ணி, நன்றாக வேலை செய்திருக்கக்கூடிய ஒரு மருந்தைக் கைவிட்டு வேறொன்றுக்குப் போய்விட நேரும். சொல்லியிருந்தால் வழி இருந்திருக்கும். எவரோலிமஸில் கடுமையான புண் வந்தால் மருந்தைச் சில நாட்கள் நிறுத்தி, வாய் தேறிய பின் நாளுக்கு 10 மில்லிகிராமுக்குப் பதிலாக 5 மில்லிகிராம் என்று மீண்டும் தொடங்குவது மருந்துக் குறிப்பிலேயே உள்ள, ஏற்கப்பட்ட முறை. மருத்துவர் அறிந்து குறைப்பதும், மருத்துவர் அறியாமல் நோயாளி விடுவதும் ஒன்றல்ல.

அதனால் வாயைப் பரிசோதித்து முடித்த பிறகு, கையுறையைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து, "போன மாதத்தில் எத்தனை மாத்திரை விட்டுப்போச்சும்மா?" என்று கேட்கிறேன். "ஏதாவது விட்டீர்களா?" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும், எத்தனை என்று கேட்டால் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டு எண்ணிச் சொல்கிறார்கள். அந்த எண்ணை அவர்களுடைய சம்மதத்தோடு புற்றுநோய் மருத்துவருக்கான கடிதத்தின் முதல் வரியில், புண்ணின் அளவுக்கும் இடத்துக்கும் முன்னால் எழுதி, ஸ்கேன் தேதிக்கு முன்பே அவர் கைக்குப் போய்ச் சேரும்படி அனுப்புகிறேன்.